உன் மீன்குளத்துத் தண்ணீரைக் குடித்தது நான்தான்

கண்ணு,

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நிம்மதியாகக் கோபப்படலாம். உன் வருங்கால மாமனார் பார்த்துக்கொண்டிருக்க, அவரோடு வந்த பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மீன்குளத்தில் எவர்சில்வர் டம்ளரை முக்கி எடுத்து, அண்ணாந்து, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது நான்தான். உன் அம்மா போனில் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. குடித்துவிட்டு நான் சப்புக்கொட்டியது உண்மை. "இளநி தோத்துப்போயிரும் சம்பந்தி" என்று சொன்னதும் உண்மை. அன்று சாயங்காலம் தொடங்கி நான் எங்கே குடியிருந்தேன் என்பதையும் அவள் சொல்லியிருப்பாள். கக்கூஸ் கதவின் உள்பக்கத்தில் எங்கெங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது என்று கேள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெண் வீட்டு ஊரில், ராசிபுரம் முழுக்க 'மாப்பிள்ளையோட அப்பாவுக்கு என்னவோ மாதிரி' என்று பேசிக்கொள்கிறார்களாமே, பேசட்டும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஊரிலிருப்பவர்களைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன் நான். இப்போது என் முறை.

சரி. அப்பா இப்படி ஒரு காரியம் செய்துவிட்டார் என்று கேள்விப்பட்ட மகன் என்ன செய்வான்? வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பான். சிரிப்பான். போனிலேயே நாலு வார்த்தை திட்டுவான், அதையும் தாங்கிக்கொள்வேன். நீ இதில் எதையும் செய்யவில்லை. டிராக்டர் அனுப்பினாய்.

வியாழக்கிழமை காலை. வெறும் கஞ்சியில் ஓடிக்கொண்டிருந்த உடம்போடு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறேன். செம்மண் ஏற்றிய டிராக்டர் ஒன்று மேட்டில் முக்கி முனகி ஏறி வந்து நம் கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. டிரைவர் முருகேசன், நீயும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான், இறங்கி வந்து தலையைச் சொறிகிறான்.

"ஏனுங்க, குளம் எந்தப் பக்கமுங்க?"

"எந்தக் குளம்?"

"மூடறதுக்குங்க. தம்பி போன் பண்ணுச்சுங்க. கண்ணாலத்துக்குப் பந்தி போட எடம் வேணுமாமா. பொறவடையில இருக்கிற குழிய ரொப்பி மட்டம் பண்ணி உட்ருன்னு சொல்லுச்சுங்க."

"அதுல மீனு இருக்குதே, அதை என்ன பண்ணச் சொன்னான்?"

முருகேசன் தரையைப் பார்த்தான். "கொழம்பு வெச்சுக்கச் சொல்லுச்சுங்க."

வீட்டுக்குப் பின்னால், பொறவடைக்குப் போகும் சந்தில் கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றேன் கண்ணு. அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து வேட்டியை ஒரு கையால் பிடிக்க வேண்டியிருந்ததால் ஒரு கையைத்தான் விரிக்க முடிந்தது; ஆனாலும் நின்றேன். முருகேசன் நல்லவன். "மண்ணைத் திருப்பி எடுத்துட்டுப் போனா டீசல் யாருங்க குடுப்பாங்க?" என்றான். "மண்ணை அனுப்புனவன் தலையில கொட்டு" என்றேன். "அவரு மெட்ராஸ்ல இருக்காருங்களே" என்று நியாயத்தைப் பேசிவிட்டு, கேட்டுக்கு முன்னாலேயே கொட்டிவிட்டுப் போனான். அன்று மத்தியானம் பிடித்த மழை இன்னும் முழுசாக விடவில்லை. வாசல் முழுவதும் செஞ்சேறு. உன் அம்மா பலகை போட்டு அதன்மேல் சர்க்கஸ்காரி மாதிரி நடந்து பால் வாங்கப் போகிறாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் "ஏனுங்க, புதுசா ஊடு கட்டறீங்களா?" என்று கேட்கிறார்கள். "என் மகன் எனக்குச் சமாதி கட்டறானுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பேச்சு இந்நேரம் ராசிபுரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது கேட்கிறேன், அந்தக் குழியைத் தோண்டியது யார்? நானா? நீ படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? இந்த மலையில் சமதளம் என்பது தங்கத்துக்குச் சமம். வீட்டு முன்னால் சரிவு, பக்கத்தில் சரிவு, பொறவடையில் மட்டும் ஒரு களம் அளவுக்கு மட்டமான இடம். அதில்தான் உன் அம்மா மிளகு காயப்போடுவாள். ஒரு நாள் நான் பஸ் ஸ்டாண்டில் டூட்டி முடிந்து வருகிறேன், மிளகுப் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு அதன் நட்ட நடுவில் கடப்பாரையோடு நிற்கிறாய். "என்னடா?" என்றால், "கோய் மீன் வளக்கப் போறேன்ப்பா, ஜப்பான் மீனு, பூ மாதிரி இருக்கும்" என்கிறாய். கத்தினேன். குழி என்றேன், கொசு என்றேன், ஜாதகத்தில் ஏதோ கட்டம் சரியில்லை என்றேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோண்டினாய், சிமென்ட் பூசினாய், மேலே ஊற்றிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து விட்டாய். உன் கை முழுக்கக் கொப்புளம். சாப்பிடும்போது உன் அம்மா பிசைந்து ஊட்டிவிட்டாள், இருபத்திரண்டு வயசு மாட்டுக்கு.

பிறகு சென்னை போய் மீன் வாங்கி வந்தாய். காற்று அடைத்த பிளாஸ்டிக் பையில் மீன்கள். மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் உன்னை எதிர்கொண்டு அழைக்க வந்த உன் அம்மா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். காரவள்ளி தாண்டி முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பவள் அவள். கல்யாணமாகி முதன்முதலாக மலை ஏறியபோது என் புதுச் சட்டையிலேயே எடுத்தவள். அன்றைக்கு எழுபது வளைவும் ஏறி முடியும்வரை பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஒரு ஓங்கரிப்புகூட இல்லை. "மீனுக்கு ஆட்டம் ஆகக் கூடாதுன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டே வந்தனுங்க" என்றாள். மீன்களைக் குளத்தில் விட்டாய். பத்து நாளில் வேலை வந்தது. பெட்டியைத் தூக்கினாய். "அப்பா, பாத்துக்கோங்க" என்றாய். பார்த்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

நீ போன பிறகு கொஞ்ச காலம் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லக் கலங்க ஆரம்பித்தது. முதலில் அடியில் இருக்கும் மீன் மங்கலாகத் தெரிந்தது, பிறகு நடுவில் இருப்பது, கடைசியில் தண்ணீரெல்லாம் மோர் கலந்த மாதிரி ஆகி, செவலை மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் மட்டும் ஏதோ சிவப்பாக அசைவது தெரிந்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். அவள் எப்போதும் உன் கட்சி. உனக்குப் போன் போட்டேன். "ஊத்துத் தண்ணி ஓடிக்கிட்டேதானப்பா இருக்கு, நல்லாத்தான் இருக்கும்" என்றாய், அங்கே இருந்துகொண்டே, பார்க்காமலே! நான் விடவில்லை. என் தொல்லை தாங்காமல், "கம்பெனி பில்டர் ஒண்ணு இருக்கு, வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்வது தகப்பன் வேலை, அதைக் கேட்காமல் வாங்கி அனுப்புவது மகன் வேலை. நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன்.

அப்புறம்தான் நானே செய்வது என்று இறங்கினேன். போகும் முன் நீ குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டியிருந்தாய்: டிரம்முக்குள் தண்ணீர் அடியில் நுழைய வேண்டும், மேலே வழிய வேண்டும், நடுவில் அழுக்கு தங்க வேண்டும். அவ்வளவுதானே! அடிவாரத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் போனேன். உனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து என்னை மாப்ள என்று கூப்பிடுகிற ஒரே ஆள். நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று கொடுத்தார். "இதுல முன்னாடி என்ன பாய் இருந்துச்சு?" என்றேன். "ஊறுகா மாப்ள. மீனுக்குத் தொட்டுக்கலாம்" என்றார். டிரம்மை பஸ்ஸின் கூரையில் கட்டி மேலே கொண்டுவந்தேன். ஏர்கூலரில் இருந்து கழற்றிய சின்ன மோட்டார் ஒன்று, பிவிசி குழாய், ஓடையில் பொறுக்கிய கூழாங்கல். அந்த மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து டிரம்மின் அடியில் தள்ளும். அது கல்லுக்குள் புகுந்து, பஞ்சுக்குள் புகுந்து, மேலே வந்து இன்னொரு குழாய் வழியாகக் குளத்திலேயே விழும். சிக்கனமான வேலை. பஞ்சு மட்டும்தான் இல்லை.

பஞ்சுக்கு நான் என்ன செய்தேன் என்பது உன் அம்மாவுக்கும் எனக்கும் மீன்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கல்யாணம் ஆகப் போகிறவன், உனக்கும் தெரிந்திருக்கட்டும். நான் நேரம் குறித்துக் கொடுக்கும் பஸ் கம்பெனியின் ஷெட்டில் பழைய சீட்டுகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ரெக்சினைக் கிழித்தால் உள்ளே ஒரு சாண் கனத்துக்கு அருமையான பஞ்சு. வெட்டி எடுத்து வந்து டிரம்மில் அடுக்கி, மோட்டாரைப் போட்டேன். அந்தப் பஞ்சு எத்தனை வருஷம் எத்தனை பேரைச் சுமந்தது, காரவள்ளிக்கும் செம்மேட்டுக்கும் நடுவில் உன் அம்மாவைப் போல எத்தனை பேர் அதன்மேல் வளைவு தாங்காமல் என்ன செய்தார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. மேல்குழாயில் இருந்து முதல் தண்ணீர் கஷாயம் மாதிரி வந்து விழுந்தது. பின்னாலேயே வாசனை. கூட்டமான பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திவிட்டு மலை ஏறுகிற வாசனை. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைப் பிளந்தன. உன் அம்மா ஓடிவந்து, உன் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அண்டாவில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து அத்தனையையும் அள்ளிப் போட்டாள்.

"ஏனுங்க, மீனுக்கெல்லாம் டிக்கெட் எடுத்துட்டீங்களா, இல்லை ஓசிப் பயணமா?" என்றாள்.

பஞ்சை பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்தேன். நாலைந்து தடவை அலசி, காயவைத்து, திரும்பவும் அடுக்கினேன். வாசனை போனது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து, கல்லையும் சேர்த்து பளபளவென்று தேய்த்துக் கழுவினேன். நீதான் போனில் அலறினாய்: "அய்யோ அப்பா, கல்லுலயும் பஞ்சுலயும் நல்ல கிருமி வளரும். அதுதான் மீனோட கழிவைத் தின்னும். மொத்தமாக் கழுவிட்டா அது செத்துப்போயிரும். ரொம்ப அடைச்சா மட்டும் பாதியை எடுத்துக் குளத்துத் தண்ணியிலயே லேசா அலசுங்க." ஒப்புக்கொள்கிறேன், அந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது சரி. அதன்படியே செய்தேன். ஆனாலும் தண்ணீர் தெளியவில்லை. கல்லை மாற்றினேன், உடைந்த ஓட்டுத் துண்டு போட்டேன், கொசுவலையைச் சுருட்டித் திணித்தேன். மோர் மோராகவே இருந்தது.

ஆடி நோம்பிக்கு நீ வந்தாய். ஆசை ஆசையாக இழுத்துக்கொண்டு போய் டிரம்மைக் காட்டினேன். நீ குளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. "தண்ணி எப்பவும் போல நல்லாத்தானேப்பா இருக்கு. எதுக்கு இந்த டிரம்மு, அசிங்கமா?" அசிங்கம்! ஒரு மனிதன் வெயிலிலும் சாரலிலும் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டு செய்த பொருள் அசிங்கம். கலங்கல் என் கண்ணுக்குத் தெரிகிறது, பெற்ற பிள்ளை முகத்துக்கு நேராக நல்லாத்தான் இருக்கு என்கிறான். அன்றைக்கே எனக்குள் ஒரு சூடு ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

அந்தச் சமயம் எனக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. மலையில் மூடுபனி அந்த வருஷம் போல என்றைக்கும் இருந்ததில்லை, மத்தியானத்தில்கூட விலகவில்லை. பேப்பர்காரன் மட்டமான மையில் அச்சடிக்க ஆரம்பித்திருந்தான். பஸ்களுக்கு போர்டு எழுதுகிறவன் வேலையில் சோம்பேறியாகி எழுத்தையெல்லாம் இழுவி வைத்தான். அதனால்தான் ஒரு நாள் சேந்தமங்கலம் போக வேண்டிய ஒரு கல்யாணக் கூட்டத்தையே, பட்டுச்சேலை, சீர்த்தட்டு சகிதம், "ஏறுங்க ஏறுங்க, இதுதான்" என்று நானே கையைப் பிடித்து ராசிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவர்கள் மலையின் அந்தப் பக்கம் முள்ளுக்குறிச்சியில் இறங்கி நின்று என்னைத் திட்டிய திட்டு அங்கே இன்னும் காற்றில் இருக்கிறதாம். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். போர்டு எழுதுகிறவனை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் காதர் பாய் மலைக்கு வந்தார், டிரம்மைப் பார்க்க. ஒரு மூட்டை அடுப்புக்கரியும் கொண்டுவந்தார், கரி தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று யாரோ சொன்னார்களாம்.

"பாத்தீங்களா பாய், மோர் மாதிரி!" என்றேன்.

பாய் குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருக்கறதுல எது மாப்ள பெரிய மீனு?" என்றார்.

"தண்ணி தெளிஞ்சாத்தானே பாய் தெரியும்?"

"அதுஞ்சரிதான்." தாடியைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு நாமக்கல் வரைக்கும் என்னோட வாங்க மாப்ள. ஒரு சோலி இருக்குது."

கரியைக் கழுவி டிரம்மில் மேலடுக்காகப் போட்டு மோட்டாரை ஓடவிட்டுவிட்டு மறுநாள் அவரோடு போனேன். போய்ப் பார்த்தால் கண் ஆஸ்பத்திரி. சோலியே நான்தான். முள்ளுக்குறிச்சி சமாசாரம் அடிவாரம் முழுக்கப் பரவி அவர் காதுக்கும் போயிருக்கிறது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். உனக்குப் போன் போனது. "சின்ன ஆபரேஷன்தானப்பா, லீவு கிடைக்கலை" என்றாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வார்டில் இருந்தவர்கள் பாயைக் காட்டி "உங்க அண்ணனுங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன். சொன்னால் என்ன தப்பு? மகன் செய்ய வேண்டியதைச் செய்கிறவரை வேறு எப்படிச் சொல்வது?

கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, சில நாள் பாய் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு என்னை மேலே அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாகப் பொறவடைக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணு, என்னவென்று சொல்வேன்! குளத்தின் அடியில் நீ பூசிய சிமென்டில் உன் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. செவலை மீனின் முதுகில் செதில் செதிலாகக் கோடு தெரிந்தது. வெள்ளை மீனுக்கு மீசை இருக்கிறது, எனக்கு அதுவரை தெரியாது. கரி! அந்த ஒரு மூட்டைக் கரி செய்த வேலை. பஸ் சீட்டும் ஊறுகாய் டிரம்மும் கூலர் மோட்டாரும் சேர்ந்து கம்பெனிக்காரனின் பில்டரைத் தோற்கடித்துவிட்டன. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள், அதே குரலில். பாராட்டக்கூட மனசு வரவில்லை பார் என்று எரிச்சலாக வந்தது.

இந்த நிலையில்தான் உன் சம்பந்தம் பேசப் பெண் வீட்டார் வந்தார்கள். உன் மாமனார் ஜவ்வரிசி ஆலைக்காரர், எதையும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துத்தான் பேசுவார். பொறவடையைச் சுற்றிப் பார்த்தார். கல்யாணத்தைக் கோவிலில் வைத்துக்கொண்டு பந்தியை இங்கே போடலாம் என்று பேச்சு. "எடம் நல்லா இருக்குதுங்க. நடுவால இந்தக் குளந்தான்... கொசு வருமுங்களே சம்பந்தி?" என்றார். கூட வந்தவர், அந்த ஒல்லி மனுசன், "தண்ணி தேங்கினாலே அழுக்குத்தானுங்க" என்றார்.

அழுக்கு! நான் என்ன செய்யட்டும்? ரோசம் என்று ஒன்று இருக்கிறதே. டம்ளரை எடுத்தேன். உன் அம்மா "ஏனுங்க... ஏனுங்க..." என்று ஓடிவருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மீன்கள் அதற்குள் குடியிருப்பதும், குடியிருப்பவர்கள் செய்வதையெல்லாம் அதற்குள்ளேயே செய்வதும் அந்த நேரம் எனக்கு மறந்துபோனது. ஒல்லி மனுசன் தன் கையிலிருந்த காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். இது எந்தத் தண்ணீரில் போட்டதோ என்று சந்தேகம்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவர்கள் சம்பந்தத்தை முறிக்கவில்லை, அதுவே பெரிய மனசு. குளம் மட்டும் வேண்டாம் என்றார்கள். நீயும் "சரிங்க மாமா" என்றாய். அவர் கேட்டது தப்பில்லை. பந்திக்கு இடம் வேண்டும். நீ சரி என்றதில்தான் எனக்கு வயிறு எரிகிறது, அது அந்தத் தண்ணீரால் வந்த எரிச்சல் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அங்கிருந்துகொண்டு போனில் முருகேசனுக்கு மண் அளவு சொல்லத் தெரிந்த உனக்கு, அப்பா அந்தக் குளத்தில் என்ன பார்க்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. டூட்டி முடிந்து வந்தால் நான் உட்காரும் இடம் அது. என் செருப்புச் சத்தம் கேட்டால் அத்தனையும் ஓரத்துக்கு வந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் வம்பையெல்லாம் அவற்றிடம்தான் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆட்கள் இந்த வீட்டில் அவைதான். நீ இங்கே விட்டுவிட்டுப் போனது அது ஒன்றுதான். உன் துணி, புத்தகம், கேரம் பலகை, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாய். மிஞ்சியது இந்தக் குழி. அதையும் மூடி, மீனைக் குழம்பு வைக்கச் சொல்கிறாய்.

கல்யாணம் பண்ணப் போகிறாய், ஆகவே புத்தி சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது, கேட்டுக்கொள். வீட்டுக்குள் வருகிறவளின் பழக்கம், பேச்சு, பிறந்த வீட்டு வாசனை எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே பிளீச்சிங் போட்டு வெளுக்கப் பார்க்காதே. நான் என் காலத்தில் அப்படிப் பார்த்தவன். உன் அம்மா கொஞ்ச காலம் பேசவே இல்லை. கொஞ்சம் பாசி படிந்தால்தான் எதுவும் ஓடும். அடைத்துக்கொண்டால் பாதியை அலசு, அதுவும் அதே வீட்டுத் தண்ணீரில் அலசு, ஊராரைக் கூப்பிடாதே. இன்னொன்று, இதுதான் முக்கியம். இரண்டு பேர் ஒரே தண்ணீரைப் பார்க்கும்போது ஒருத்தர் கலங்கல் என்று சொன்னால், மற்றவர் உடனே 'நல்லாத்தான் இருக்கு' என்று வாயை அடைக்கக் கூடாது. உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். அத்தனை மாசத்தில் நீயும் கேட்கவில்லை, உன் அம்மாவும் கேட்கவில்லை. எது பெரிய மீன் என்று பாய் ஒருத்தர்தான் கேட்டார். உன் பெண்டாட்டி ஏதாவது மங்கலாக இருக்கிறது என்று சொன்னால், அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் பார்க்கிற இடத்தை நீயும் பார்.

குளத்துக்கு வருகிறேன். மூட விடமாட்டேன். உன் அம்மாவும் நானும் இரண்டு நாள் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை பந்தி போடலாம். மிச்சப் பேருக்கு, நீ அனுப்பிய மண்ணைக் கொண்டே கீழ் வயலை மட்டம் செய்து அங்கே பந்தல் போடலாம். முருகேசனிடம் பேசிவிட்டேன், நாளை வருகிறான். "இதைத்தானுங்க நானும் அன்னைக்கே சொல்லலாம்னு இருந்தன்" என்கிறான், பயல். ராசிபுரத்துக்கு உன் அம்மா போன் செய்து, "கண்ணாலத்தன்னைக்கு அவரு பக்கத்துல டம்ளரு இல்லாம நான் பாத்துக்கறனுங்க" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். உன் மாமனார் சிரித்தாராம். நீ மட்டும்தான் பாக்கி. உனக்கு இது பிடிக்கவில்லை என்றால் ஆளை அனுப்பாதே. நீயே வந்து, உன் கையால், செவலை மேலே வந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் தலையில் முதல் கூடை மண்ணைக் கொட்டு. நான் தடுக்கவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துக் கோபம் தீராமல் பொறவடைக்குப் போய் நின்றேன். மழை விட்டு வெயில் அடித்தது. டிரம் கொடகொடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடுத்த மாசம் என் இடது கண்ணுக்கு ஆபரேஷன், பாயே கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார். வலது கண்ணில் ஏதோ தூசி விழுந்த மாதிரி இருந்ததால் அதைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் குளத்தைப் பார்த்தேன்.

மோர் மாதிரிதான் இருக்கிறது.